தொடாத கும்பிடு

ஆராதனையில் உடலுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். கையை ஆட்டுவது, காலை எடுத்துவைத்து அடவு போடுவது, பறையடிப்பது எல்லாம் கூத்து மேடைச் சமாச்சாரமாம். ஆலயத்துக்குள் ஒழுங்கும் அமைதியும்தான் வேண்டுமாம். உடனே பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சரி, ஆட்டம் வேண்டாம். காது கேளாத சனங்களும் சபையில் இருக்கிறார்களே, ஆராதனையைச் சைகை மொழியிலும் நடத்துங்கள் என்றால் பதில் இன்னும் சுருக்கமாக வருகிறது: "அது அவங்களுக்குன்னு தனியா வச்சுக்கட்டும்."

இந்தத் 'தனியா' நமக்குப் புதிய சொல் அல்ல. தனிக் குவளை, தனித் தெரு, தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி என்று இந்தச் சொல்லுக்குள்ளேயே பிறந்து இந்தச் சொல்லுக்குள்ளேயே புதைக்கப்படுகிறவர்கள் நாம். அதனால்தான் காது கேளாதவர்களின் பிரச்சினையை ஊனமுற்றோர் ஊழியம் பார்க்கிறவர்களுக்கு விட்டுவிட்டு, 'தலித் பிரச்சினை'யை மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன். சபை எந்த உடலைப் பார்த்துப் பயப்படுகிறது, எந்தக் கையைக் கட்டிவைக்கிறது என்று கேட்டால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

உடலே இல்லாத ஆராதனையை யாராவது எங்காவது பார்த்ததுண்டா? மணி அடித்ததும் எழுந்து நிற்கிறோம். பாவ அறிக்கைக்கு முழங்கால் போடுகிறோம். போதகர் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார். அந்தக் கை மேலே போகும்போது நம் தலை தானாகக் கீழே போகிறது. பாடகர் குழு வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு பேராக நடந்து வந்தால் அதற்குப் பெயர் பவனி. நம்ம சனங்க தெருவில் கொட்டோடு நடந்து வந்தால் அதற்குப் பெயர் ஆட்டம். யார் காணிக்கைத் தட்டு எடுக்கிறார், யார் முதல் பெஞ்சில் உட்காருகிறார், யார் பீடத்தண்டை முதலில் போய் முழங்கால் போடுகிறார், யார் கடைசிவரை காத்திருந்து எழும்புகிறார் - வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு சபையின் சாதிக் கணக்கு முழுவதையும் ஒரு ஞாயிறு காலையில் படித்து முடித்துவிடலாம். ஆக, ஆராதனையில் உடல் மொழி வேண்டுமா வேண்டாமா என்பது பொய்க் கேள்வி. யாருடைய உடல் மொழி என்பதுதான் கேள்வி.

சாதியே இந்த நாட்டின் பழைய சைகை மொழிதான். அதற்குக் கறாரான இலக்கணம் உண்டு. துண்டு தோளில் கிடந்தால் ஒரு பொருள், இடுப்புக்கு இறங்கினால் ஒரு பொருள், கக்கத்துக்குள் போனால் வேறு பொருள். செருப்பு காலில் இருப்பதும் கையில் இருப்பதும் இரண்டு வாக்கியங்கள். வாய் பொத்திப் பேசுவது, குனிந்து கை குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடப்பது - எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் நாலைந்து வயதில் இந்த மொழி வந்துவிடுகிறது. இந்த மொழியில் பிழை விட்டால் அடி. சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் 2018 மே மாதம் தலித்துகள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அந்தப் பகைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று என்ன? ஆதிக்க சாதிக்காரர்களுக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. வாய்ப்பேச்சு அல்ல, கால் பேசியது குற்றம்.

எம்.ஏ. வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது எங்கள் பேராசிரியர் எட்டு மெய்ப்பாட்டையும் உரையோடு ஒப்பிக்கச் சொல்வார். இளிவரல் எதனால் வரும்? மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று தொல்காப்பியர் நான்கு காரணம் சொல்கிறார். சேரிக்காரனுடைய தோள் குறுகுவதும் முதுகு வளைவதும் இந்த நான்கில் எதில் அடங்கும்? இருபது வயதுப் பையன், நோயில்லை, நொடியில்லை, ஊர்த்தெருவுக்குள் நுழைந்ததும் உடம்பு சுருங்குகிறது. அதற்குத் தனி நூற்பா இல்லை. அதே பையன் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிரும்போது வருவது பெருமிதம். அதற்கும் தொல்காப்பியர் சொன்ன கல்வி, தறுகண், புகழ், கொடை என்கிற பட்டியலில் இடம் தேட வேண்டியிருக்கிறது. இலக்கணத்தைக் குறை சொல்லவில்லை. நம் உடம்பைப் படிக்க நாம்தான் இலக்கணம் எழுத வேண்டும் என்கிறேன்.

கிறிஸ்தவம் இந்த மண்ணில் உடலுக்காகச் சண்டை போட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதற்காக நடந்த போராட்டத்தில் மிஷனெரிகளுக்குப் பங்கு உண்டு. 1859-இல் சமஸ்தானம் அவர்கள் குப்பாயம் போட்டுக்கொள்ள அனுமதித்தது. ஆனால் உள்ளே என்ன நடந்தது? வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கோயிலைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பீடம், அதிலிருந்து கால்சட்டை மாதிரி பிரிந்து போகிற இரண்டு மண்டபங்கள், ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். சாமியார் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார். ஒரு பக்கத்துச் சனத்துக்கு மறுபக்கத்துச் சனம் தெரியாது. 1910-இல்தான் நடுச்சுவர் போனது. கட்டடமே கையை விரித்துச் சைகை காட்டிக்கொண்டு நின்றது. அங்கே இரண்டு பக்கத்திலும் சேராத நம் சனம் எங்கே நின்றது என்பதை யாரும் படம் வரைந்து வைக்கவில்லை.

சீர்திருத்த சபைகளின் கதையும் இதுதான். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும், சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திரளாக வெளியே போனார்கள். சாதி ஆசாரத்தைக் காப்பாற்ற 1829-லேயே எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவர் பாட்டைத்தான் நாம் இன்றும் பக்தியோடு ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருக்கிறோம். பாட வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்க் கிறிஸ்தவப் பண்பாடு என்றால் கீர்த்தனை, கீர்த்தனை என்றால் சாஸ்திரியார் என்று முடித்துவிடுகிறீர்களே, அந்தப் பண்பாடு எந்தப் பாத்திரத்தை வாயில் வைக்க மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது கும்பிடுக்கு வருகிறேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. 1950-இல் தனக்கென்று ஒரு நற்கருணை ஆராதனை முறையை வகுத்துக்கொண்டது. உலக சபைகள் வியந்து பேசிய ஆராதனை முறை அது. அதில் சமாதானம் கொடுத்தல் என்று ஒரு பகுதி. கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து எடுத்தது. கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கைமேல் சேர்த்து வைக்க வேண்டும். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூட வேண்டும். பீடத்தில் தொடங்கி ஆள் ஆளாக, வரிசை வரிசையாக, கடைசிப் பெஞ்சுக்கு வந்து சேர வேண்டும். தோழர்களே, யோசித்துப் பாருங்கள். மிராசுதாரின் உள்ளங்கையும் அவர் வயலில் நாற்று நட்டவளின் கணவன் உள்ளங்கையும் ஒட்ட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தீண்டாமைக்கு எதிராக ஒரு சபை எழுதிய மிகப் பெரிய வாக்கியம் இதுதான், ஒரு எழுத்துக்கூட இல்லாத வாக்கியம்.

என்ன ஆயிற்று அது? நான் போய் உட்கார்ந்த சபைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்" என்று குருவானவர் சொல்கிறார். எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே கை கூப்பி வலப்பக்கம் ஒரு திரும்பல், இடப்பக்கம் ஒரு திரும்பல். முடிந்தது. கத்தோலிக்கர் பக்கம் 1969-இல் ரோம் ஒப்புக்கொண்ட பன்னிரண்டு பண்பாட்டு மாற்றங்களிலும் சமாதானத்துக்கு இரண்டு வழி சொல்லப்பட்டிருந்தது: கைகூப்பலாம், அல்லது ஒருவர் கைகளை மற்றவர் கைகளுக்குள் வைக்கலாம். இரண்டில் எது ஊரெல்லாம் நிலைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொடுகிற வழி புத்தகத்தில் கிடக்கிறது. தொடாத வழி பழக்கத்தில் இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்ததும் இவர்களுக்கு எவ்வளவு சந்தோசம்! தொடாமல் கும்பிடுவது எவ்வளவு விஞ்ஞானபூர்வமானது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தார்கள். அந்த விஞ்ஞானத்தைப் பல நூற்றாண்டாக நம்மேல்தானே பரிசோதனை செய்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு மாற்றங்களில் மற்றவை என்ன? தரையில் சம்மணமிட்டு உட்காருவது, வெறுங்காலோடு நிற்பது, பஞ்சாங்க வணக்கம், ஆரத்தி, குத்துவிளக்கு. அமலோர்பவதாஸ் அடிகளார் போன்றவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள், வெள்ளைக்காரச் சபையை இந்தியச் சபையாக்க வேண்டும் என்று. ஆனால் எந்த இந்தியா? செருப்பைக் கழற்றுவது ஒருவனுக்குப் புதுப் பக்தி. தெருவுக்குத் தெரு கழற்றியவனுக்கு அது பழைய தண்டனை. தரையில் உட்காருவது ஒருவனுக்கு எளிமை. இத்தனை காலமும் தரையிலேயே உட்காரவைக்கப்பட்டவனுக்கு அதில் என்ன நற்செய்தி? பரதநாட்டியமும் பீடத்துக்கு முன்னால் வந்துவிட்டது. பாடுகளின் காட்சியை முத்திரை பிடித்து அபிநயித்தால் ஆயர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கை முத்திரை கலை. பறைக்குச்சி பிடித்த கை அநாகரிகம். காது கேளாதவள் கை பேசினால் அது 'பாவம், ஊமைப் பொண்ணு'. மூன்றுமே கைதான் ஐயா. ஒரு கைக்கு மட்டும் எப்படி உள்ளே அனுமதி கிடைத்தது?

என் சித்தி மகள் ஒருத்தி. பிறந்ததிலிருந்து காது கேட்காது. தென்மாவட்டத்தில் ஒரு சின்னச் சபை. ஊர்ப்பெயரும் சபைப்பெயரும் வேண்டாம், இது ஒரு சபையின் கதை மட்டும் அல்ல. பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருசம் போனாள், அதற்குமேல் ஓடவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு அவள் பாசை தெரியும். நடவுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அவளோடு கையால் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கேலி பண்ணுவார்கள். வயல் வரப்பில் இருபது பெண்கள் தூரத்திலிருந்து கையாலேயே ஊர்க்கதை பேசுவதைக் கேட்டிருக்கிறேன் - பார்த்திருக்கிறேன் என்றல்லவா எழுத வேண்டும், பாருங்கள், நம் தமிழே காதுக்காரன் தமிழாக இருக்கிறது. ஐயரைக் காட்ட அவள் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு போடுவாள். இயேசுவைக் காட்ட இரண்டு கையையும் விரித்துத் தலையைச் சாய்ப்பாள். ஊர்த்தெருக்காரரைக் காட்ட மீசையை முறுக்கிக் காட்டுவாள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. தன் தோளைக் குறுக்கிக் காட்டுவாள். அவர் எப்படி இருக்கிறார் என்பதை அல்ல, அவர் முன்னால் நாம் எப்படி ஆகிறோம் என்பதைக் காட்டுவாள். சாதி பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

அவளுக்குத் திடப்படுத்தல் கொடுக்கவில்லை. விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் ஒப்பிக்க வேண்டுமாம்.

"ஐயா, அவளுக்கு வாய்தானய்யா பேசாது. கை பேசும். நீங்க கேளுங்க, நான் சொல்லித் தாரேன்" என்றாள் சித்தி.

"இந்தா பாரும்மா, வாயால அறிக்கை பண்ணணும்னு இருக்கு. நான் என்ன செய்ய முடியும்? ஜெபம் பண்ணு."

எங்கே அப்படி இருக்கிறது என்று நான் போய்க் கேட்டேன். காட்டவில்லை. திடப்படுத்தல் இல்லாததால் நற்கருணை இல்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைப் பெருக்குவதற்கும், பண்டிகைக்கு முன்னால் பெஞ்சுகளைக் கழுவுவதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெருக்குவதற்குக் காது வேண்டியதில்லை. வாய் வேண்டியதில்லை. நம் உடம்புக்கு ஆராதனையில் வேலை இல்லை என்கிறார்களே, வேலை மட்டும்தான் இருக்கிறது.

வாயால் அறிக்கை செய்ய வேண்டும், விசுவாசம் கேள்வியினால் வரும் என்பதெல்லாம் பவுல் ரோமருக்கு எழுதியதிலிருந்து எடுத்துச் சட்டமாக்கிக்கொண்டது. காது கேட்காதவனுக்கு விசுவாசமே வராது என்று அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் பேசினார்கள். ஆனால் சபையின் பழைய பதிவேட்டிலேயே வேறு கதையும் இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபை நமக்குத் தாய்ச்சபைகளில் ஒன்று. அந்தச் சபையில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில், 1576 பிப்ரவரியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாமஸுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கினார்கள். உடன்படிக்கையை அவன் உடம்பால் சொன்னான். பெண்ணை அணைத்துக்கொண்டான், கையைப் பிடித்தான், மோதிரம் போட்டான், தன் கையை நெஞ்சில் வைத்தான், வானத்தைப் பார்த்துக் கைகளை உயர்த்தினான். சாகும்வரை இவளோடு இருப்பேன் என்பதை எப்படிச் சொல்வது? கைகளால் தன் கண்களை மூடினான், காலால் மண்ணைத் தோண்டினான், சாவு மணிக் கயிறு இழுப்பதுபோல இழுத்துக் காட்டினான். இதையெல்லாம் பதிவேட்டில் எழுதியும் வைத்தார்கள்.

குழி தோண்டுவதும் மணி அடிப்பதும். நம் ஆட்களின் தொழில் அது. அந்தத் தொழிலின் அசைவுகள் நானூற்று நாற்பது வருசத்துக்கு முன்னால் ஒரு ஆலயத்துக்குள் திருமண உடன்படிக்கையாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கின்றன. கல்யாணத்துக்குச் செல்லுபடியான கை, விசுவாசப் பிரமாணத்துக்கு ஏன் செல்லாது? லூத்தர் 1520-லேயே காது கேளாதவருக்கும் நற்கருணை உண்டு என்றுதான் எழுதினார். நம் ஐயர்மார்களுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

வேதாகமத்திலேயே இல்லாததா? லூக்கா சுவிசேஷம் முதல் அதிகாரத்தை எடுங்கள். தேவாலயத்தில் பேச்சிழந்த சகரியா ஓர் ஆசாரியன். வெளியே வந்து சனங்களுக்குச் சைகை காட்டுகிறான். பேச்சுப் போனதால் யாரும் அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை. தன் முறை முடிகிறவரைக்கும் அங்கேயே ஊழியம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது சொந்தக்காரர்கள் அவனிடம் சைகையால் கேட்கிறார்கள். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் காது கேளாத மனுசனை இயேசு கூட்டத்தைவிட்டுத் தள்ளி அழைத்துப் போகிறார். நம் ஆட்கள் சொல்கிற 'தனியா' அல்ல அது. அவனை வேடிக்கைப் பொருளாகக் கொண்டுவந்த கூட்டத்திடமிருந்து அவனை மீட்கிறார். காதில் விரல் வைக்கிறார், உமிழ்ந்து நாக்கைத் தொடுகிறார், வானத்தைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். இத்தனையும் அவனுக்குக் கண்ணால் புரிகிற பேச்சு. 'எப்பத்தா' என்கிற வார்த்தை கடைசியில்தான் வருகிறது. முதலில் அவன் மொழியில் பேசிவிட்டுத்தான் தன் மொழியில் பேசுகிறார். நம் வேதாகமம் அந்த மனுசனுக்கு வைத்த பெயரோ 'கொன்னைவாய்'. அதையும் சத்தம்போட்டுப் பீடத்திலிருந்து வாசிக்கிறோம்.

அந்தக் கூட்டம் இன்றும் இருக்கிறது. சுகமளிக்கும் கூட்டம் என்று போஸ்டர் அடித்து மைதானத்தில் நடத்துகிறார்கள். என் தங்கச்சியை மூன்று தடவை கூட்டிக்கொண்டு போனார்கள். மேடையில் ஏற்றி, காதுக்குள் கத்தி, 'அல்லேலூயா சொல்லு' என்று மைக்கை வாயில் வைத்தார்கள். அவள் ஏதோ சத்தம் எழுப்பினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்காமல் படுத்திருந்தாள். பெந்தெகொஸ்தே சபைகளில் உடம்புக்கு இடம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. கைதட்டலாம், ஆடலாம், அழுது புரளலாம். நம் சனங்கள் அங்கே கூட்டம்கூட்டமாகப் போவதற்கு அது ஒரு காரணம். முறைமைச் சபைகள் அதைக் கேலி பண்ணுவதற்கு முன்னால் தங்கள் பெஞ்சுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கேயும் காது கேளாத உடம்பு அப்படியே ஏற்கப்படுவதில்லை. அது அற்புதத்துக்கான கச்சாப்பொருள். சுகமானால் சாட்சி, ஆகாவிட்டால் விசுவாசக் குறைவு.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் பாட்டு சொல்லித்தருவார்கள் இல்லையா, அதுபோல இப்போது கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் 'சைகைப் பாடல்' என்று ஒன்று வருகிறது. காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கு விரலை அசைக்கிறார்கள். பெற்றோர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். கூட்டத்தில் காது கேளாதவர் ஒருவர் இருந்தால் அவருக்கு அதில் பாதிகூடப் புரியாது, ஏனென்றால் சைகை மொழி என்பது பாட்டின் சொல்லுக்குச் சொல் விரல் வைப்பது அல்ல. முகமும் தோளும் இடமும் சேர்ந்த தனி இலக்கணம் உள்ள முழு மொழி. 1960-இல் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ எழுதிக் காட்டிய பிறகு இதை யாரும் மறுப்பதில்லை. ஒருவருடைய மொழியை எடுத்து அவருக்கே புரியாமல் மேடையில் அலங்காரம் பண்ணுவதற்கு என்ன பெயர்? தேவதாசிகளின் ஆட்டத்தை எடுத்துக் கழுவித் துடைத்து அவர்களையே வெளியே நிறுத்தியவர்களின் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

காது கேளாதவர்களுக்கு முதலில் பள்ளிக்கூடம் வைத்தவர்களும் சபையார்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். பாரிஸில் 1760 வாக்கில் லெப்பே என்கிற பாதிரியார் அவர்களுடைய கைப்பேச்சிலேயே பாடம் நடத்தினார். பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றைக்கும் இருக்கிறது. நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள். ஆனால் 1880-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் கூடி, பள்ளிகளில் சைகை வேண்டாம், பேசவைத்தே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் ஒரு பாதிரியார்தான், ஜூலியோ டாரா. நூற்று அறுபதுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். யாரைப் பற்றித் தீர்மானமோ அவர்கள் அறைக்குள் இல்லை. வட்டமேசையில் நமக்காகப் பேச யார் யாரோ வந்த கதை ஞாபகம் வருகிறதா? அதன்பிறகு பல நாடுகளில் பிள்ளைகளைக் கை கட்டி உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். கை கட்டி உட்காருவது! 2010-இல் வான்கூவர் மாநாட்டில்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் காது கேளாதவர்கள் 50 லட்சத்துக்கு மேல். இந்தியாவின் முதல் காது கேளாத கத்தோலிக்கக் குருவாக ஜோசப் தேர்மடம் திருச்சூரில் அபிஷேகம் பெற்றது 2024 மே மாதம். தோமா காலத்திலிருந்து வருகிறோம் என்று பெருமை பேசுகிற திருச்சபைக்கு 2024 வரை ஆகியிருக்கிறது. அவர் கையால் திருப்பலி நிறைவேற்றுகிறார். உலகின் பல சைகை மொழிகளில் இயேசுவின் பெயர் என்ன தெரியுமா? ஒரு கையின் நடுவிரலால் மறுகையின் உள்ளங்கையைத் தொடுவது, பிறகு மாற்றித் தொடுவது. ஆணித் தழும்பு. வாயால் சொல்கிறவர்களுக்கு அவர் மீட்பர், ராஜா, கர்த்தர். கையால் சொல்கிறவர்களுக்கு அவர் பெயரே காயம். எந்த இறையியல் கல்லூரியில் இதற்குமேல் ஒரு பாடம் நடத்திவிடப் போகிறார்கள்?

நம் பக்கத்துத் தோழர்களிடமும் இரண்டு வார்த்தை. பறையை ஆலயத்துக்குள் கொண்டுபோவது அடிமைத் தொழிலுக்கு ஆசீர்வாதம் வாங்கிக் கொடுப்பதாகும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்றவர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நடத்திய போராட்டங்களின் பாரம்பரியம் நமக்கு உண்டு. அந்த மறுப்பும் ஒரு உடல்மொழிதான், அதுவும் புனிதமானதுதான். கட்டாயத்துக்கு அடித்த பறையைக் கீழே போடத்தான் வேண்டும். ஆனால் தனக்காக, தன் சாமிக்காக, சம்பளமும் சாராயமும் வாங்காமல் அடிக்கிற பறை வேறு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், 2005-இல் இறக்கும்வரை இதைத்தான் செய்துகாட்டினார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பதுதான் நற்கருணை என்றார். கர்நாடக ராகத்தில் கெட்டிப்பட்டுப்போன ஆராதனையைக் கிராமத்து மெட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் போன பிறகு அது வருசத்துக்கு ஒருமுறை 'தலித் விடுதலை ஞாயிறு' அன்று மட்டும் எடுத்துத் தூசி தட்டுகிற சாமானாகிவிட்டது. மற்ற ஐம்பத்தொரு ஞாயிறும் ஆர்கன்.

அதோடு, பறை ஒன்றே போதும் என்று நாம் நினைப்பதும் போதாது. பறை காதுக்கு மட்டும் அல்ல. என் தங்கச்சி ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும்போது பெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். தெருவில் பறை அடிக்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள். அதிர்வு அவளுக்குக் கேட்கும். ஆட்டத்தில் தாளம் தப்பாது.

"சர்ச்சுக்குள்ள கை தொட்டா என்ன, தொடாட்டி என்ன, மதமே வேண்டாம்னுட்டு நிலம், கூலின்னு பேசுங்கப்பா" என்கிற தோழர்களுக்கு: 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியலிலிருந்து வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், நம்மை இன்னும் சேர்க்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று தில்லியில் சொல்கிறார்கள். இருக்கிறது என்று 2016-இல் இந்திய ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டுவிட்டது. விழுப்புரம் மாவட்டம் எறையூரில் 2008 மார்ச்சில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டு, துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்களே, அது எதிலிருந்து தொடங்கியது? எந்தப் பிணம் எந்தத் தெரு வழியாக வரலாம், எந்த உடம்பு எங்கே நிற்கலாம் என்பதிலிருந்து. ஆராதனை முறை என்பது சாமியார்களின் உள்விவகாரம் அல்ல.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. திடப்படுத்தலுக்குக் கையால் சொல்லும் அறிக்கையை ஒப்புக்கொள்ளுங்கள். இறையியல் கல்லூரிகளில் எபிரேயம், கிரேக்கம் படிக்கிற மாணவர்களுக்கு இந்தியச் சைகை மொழியையும் கட்டாயமாக்குங்கள். தில்லியில் 2015-இல் தொடங்கிய அரசு நிறுவனம் அதற்கு அகராதியே போட்டிருக்கிறது. காது கேளாதவருக்கு மூலையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடாமல், பரமண்டல ஜெபத்தையாவது முழுச் சபையும் கையால் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். பறையை ஐயரும் பிடிக்கட்டும், குழியை டீக்கனும் வெட்டட்டும். 1950-இல் நீங்களே எழுதிவைத்த சமாதானத்தை எழுதியபடி கொடுங்கள், உள்ளங்கையோடு உள்ளங்கை.

இந்தக் கட்டுரைக்கு மறுப்பு எழுத வேண்டும் என்று சில ஐயர்மார்களுக்குத் தோன்றும். தாராளமாக எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, சமாதானம் சொல்லும் நேரத்தில், கண்ணை மூடிக்கொள்ளாமல் பீடத்திலிருந்து உங்கள் சபையைப் பாருங்கள். யார் கை யார் கையைத் தொடுகிறது, யார் கை யாரைப் பார்த்துக் கூப்பிக்கொள்கிறது என்று எண்ணி, அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.